சத்தம் வராத மூச்சு

செருப்புக் கடை அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஆரோக்கியமேரி அக்கா மருந்தகத்துப் படியேறி வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். பெட்டி நனையாமல் இருக்கப் புடவைத் தலைப்பால் போர்த்தி எடுத்து வந்திருந்தார். அவர் மட்டும் தலை முதல் தோள் வரை நனைந்திருந்தார். மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த வாரம் அது.

வெளியே இரண்டு மாடுகளும் ஒரு வெள்ளாடும், அவற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் காத்திருந்தார்கள். நான் அக்காவை முதலில் கூப்பிட்டேன்.

"என்னக்கா, மருந்து தீர்ந்துபோச்சா?"

"மருந்து இன்னும் மிச்சம் கீது டாக்டரம்மா. நீங்க சொன்ன நோவு இது இல்லையோன்னு எனக்குத் தோணிக்கினே கீது. அதான் வந்தேன்."

மாட்டுக்காரர்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் முகம் சூடாகிவிட்டது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கால்நடை மருந்தகத்தில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. "டாக்டர் வரலையாம்மா?" என்று என்னிடமே கேட்கிறவர்களுக்கு அப்போதும் குறைச்சல் இல்லை.

அக்கா பெட்டியைத் திறந்தார். உயிரோடு மூன்று குஞ்சுகள். இன்னொரு மூலையில் துணியில் சுற்றிய இரண்டு செத்த குஞ்சுகள்.

"உசுரோட கீறத எடுத்துக் காதுல வச்சுப் பாருங்க."

ஒன்றை எடுத்தேன். ஒன்பது நாள் குஞ்சு. கழுத்தை நீட்டி, அலகைப் பிளந்து, மேலே பார்த்து மூச்சை இழுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் குட்டி வால் ஏறி இறங்கியது. காதருகே கொண்டுபோனேன். நெஞ்சு என் விரலில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை.

"சளி புடிச்ச கோழின்னா கொர்ரு கொர்ருன்னு கேக்கும். எங்க வூட்டு நாட்டுக்கோழிக்கு வந்து பாத்துக்கீறேன். இதுங்க வாயத் தொறந்துக்கினு மூச்சு வாங்குதுங்களே கண்டி, ஒண்ணுகூட சத்தம் போடல டாக்டரம்மா."

குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். மூன்று நாட்களுக்கு முன் அவர் கொட்டகையில் நான் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

ஐந்நூறு குஞ்சுகள் வந்த கதை

மேரி அக்காவின் ஊரில் இருபத்தைந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். நாட்டுக்கோழி வளர்க்கும் திட்டம் ஒன்றில் அவர்களுக்கு ஐந்நூறு குஞ்சுகள் ஒதுக்கினார்கள். ஒருநாள் குஞ்சை அப்படியே வீட்டுக்கு இருபதாகப் பிரித்துக் கொடுத்தால் பாதியும் தேறாது. காக்காய் கொண்டுபோகும், குளிரில் செத்துப்போகும். அதனால் ஒரு மாதம் ஒரே இடத்தில் பல்பு வெளிச்சத்தில், சூட்டில் வைத்து வளர்த்துவிட்டுப் பிறகு பிரிப்பது என்று முடிவானது.

யார் வளர்ப்பது என்பதில்தான் தகராறு. குழுத் தலைவி பச்சையம்மாள் சொந்த நிலமும் டிராக்டரும் உள்ள குடும்பம். அவர் வீட்டு மோட்டார் கொட்டகையில் வைக்கலாம் என்றார். மற்ற பெண்கள் மேரி அக்காவைச் சொன்னார்கள். மேரி அக்கா கூலிக்குக் களை எடுக்கப் போகிறவர். நிலம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டிய ஒரு கொட்டகை மட்டும் இருந்தது. ஆனால் அவர் வளர்த்த கோழி சாகாது என்று ஊரில் ஒரு பேச்சு. ஓட்டெடுத்தார்கள். மேரி அக்கா ஜெயித்தார். பச்சையம்மாளுக்கு அதில் வருத்தம் என்று எங்கள் மருந்தகத்து உதவியாளர் ஏழுமலை என்னிடம் சொன்னார். ஏழுமலைக்குத் தெரியாத ஊர்ச்செய்தி கிடையாது.

அக்கா அந்தக் கொட்டகையைத் தயார் செய்த விதத்தை நான் நேரில் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்தார். நடுவில் ஒரு படுதாவைக் கட்டி இரண்டு பாகமாகத் தடுத்தார். ஐந்நூறும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்துக்கு இரண்டு குண்டு பல்பு தொங்கவிட்டு, அது எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தன் புறங்கையை வைத்துப் பார்த்தார். "என் கை தாங்கற சூடுதானே அதுங்களும் தாங்கும்" என்றார்.

தரையில் பரப்ப உமி வேண்டும். அங்கேதான் சிக்கல். அந்த மழையில் சுற்றுவட்டாரத்து அரிசி மில்கள் ஓடவில்லை. கிடைத்த உமி பாதிக் கொட்டகைக்குத்தான் வந்தது.

குஞ்சுகள் மறுநாள் வந்துவிடும் என்ற நிலை. திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில் ஒன்றில் மேரி அக்காவின் அண்ணன் மூட்டை தூக்குகிறார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. அதன் தோல் கோழிக்குப் பரப்ப உமியைப் போலவே நல்ல பொருள்தான். எட்டு மூட்டைத் தோல் அண்ணன் மூலமாக வந்தது.

பச்சையம்மாள் வேண்டாம் என்றிருக்கிறார். "மழையில நனைஞ்ச மூட்ட மாதிரி கீது. ரெண்டு நாள் பொறு, உமி வரும்" என்றாராம். அக்கா கேட்கவில்லை. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. மீதிப் பாதியில் பரப்பிவிட்டார்.

நான் போன முதல் நாள்

குஞ்சுகள் வந்த ஐந்தாம் நாள் சில குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தன. ஆறாம் நாள் எனக்குப் போன் வந்தது.

அந்த வாரம் வளவனூர் பக்கத்திலிருந்து திண்டிவனம் வரை பெரிய கோழிப்பண்ணைகளில் தொற்று இருமல் பரவிக்கொண்டிருந்தது. நான் வளவனூர்க்காரி. எங்கள் தெருவிலேயே ஒரு பண்ணைக்காரர் இருக்கிறார். அவர் பண்ணையில் அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதனால் அக்காவின் கொட்டகைக்குள் நுழைவதற்கு முன்பே என் மண்டைக்குள் நோயின் பெயர் தயாராக இருந்தது.

தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பேசினால் கேட்காது. வாசலில் நின்றபடி பார்த்தேன். கழுத்தை நீட்டி மூச்சு வாங்குகின்றன. கேட்கவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரில் கலக்க மருந்து எழுதிக் கொடுத்தேன். குளிர்காற்று படாமல் நான்கு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டச் சொன்னேன்.

சுற்றி நின்ற பெண்களிடம், "இது காத்துல வர்ற தொத்து நோய். மேரி அக்கா தப்பு எதுவும் இல்ல. யார் வச்சிருந்தாலும் வந்திருக்கும்" என்று வேறு சொன்னேன். அதைக் கேட்டு அக்காவின் தோளை யாரோ தட்டிக் கொடுத்தார்கள். பச்சையம்மாள்கூட, "வுடு மேரி, உன் கையில இன்னா கீது" என்றார்.

செத்த குஞ்சுகள் நான்கு ஒரு முறத்தில் கிடந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. மழை, அடுத்த ஊரில் கன்று போட முடியாமல் ஒரு மாடு, ஏழுமலையின் வண்டி வேறு மக்கர். கிளம்பிவிட்டேன்.

நடுவில் ஒரு நெபுலைசர்

இங்கே என் மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்குச் சின்ன வயதில் வீசிங் வரும். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். மருந்து வாசனையும் அந்த மெஷினின் உறுமலும் எனக்கு மனப்பாடம்.

ஒருமுறை அவள் நெஞ்சில் விசில் சத்தம் அடங்கிவிட்டதைப் பார்த்து, "குறைஞ்சிடுச்சு டாக்டர்" என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அந்த டாக்டர் அவசரமாக ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "சத்தம் நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு எப்பவும் நினைக்காதீங்க. உள்ளே காத்தே போகலன்னாலும் சத்தம் வராது" என்றார். நல்லவேளை, அன்று நிஜமாகவே குறைந்துதான் இருந்தது.

ஒரு கால்நடை மருத்துவரிடம் ஒரு குழந்தை மருத்துவர் சொன்ன அந்தப் பாடம், பிள்ளையின் நெஞ்சோடு போய்விட்டது. கோழியின் நெஞ்சுக்கு அதை நான் கொண்டுவரவே இல்லை. படிப்பு எதுவும் இல்லாமல் அதே இடத்துக்கு வந்து நின்றவர் மேரி அக்கா.

படுதாவுக்கு அந்தாண்ட

மருந்தகத்தில் குஞ்சைப் பெட்டியில் திரும்ப வைத்தேன். "வேற என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

அக்கா பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு சொன்னார்.

"சாகற குஞ்சுங்கள தெனமும் செவுத்துல கரிக்கோடு போட்டு எண்ணிக்கினு வர்றேன். உமி போட்ட பக்கத்துல எட்டு செத்துது. மல்லாட்டத் தோலு போட்ட பக்கத்துல எழுபத்தி மூணு. நடுவுல ஒரு படுதாதான் கீது. காத்துல வர்ற நோவுன்னு நீங்க சொன்னீங்க. அப்ப படுதா தாண்டி அந்தாண்ட போவாதா டாக்டரம்மா?"

ஏழுமலை ஊசிக்குழலைக் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அதோட இல்ல. நேத்து அந்தத் தோல அடியில கையவுட்டுக் கெளறிப் பாத்தேன். மேல காஞ்சி கீது. அடியில கட்டி கட்டியா, பச்சையா பூசணம். மோந்து பாத்தா பழைய சாக்கு நாத்தம்."

அப்போதுதான் எனக்கு அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. நான் அவரைக் குற்றமற்றவர் என்று ஊர் முன்னால் சொல்லியாகிவிட்டது. எல்லாரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. பேசாமல் இருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். அந்தத் தோலைக் கொண்டுவந்தவர் அவர். பச்சையம்மாள் வேண்டாம் என்றதைக் கேட்காமல் பரப்பியவரும் அவர்தான். அவர் பெட்டியில் வைத்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தது அவர்மேலேயே விழப்போகிற பழியை.

"அக்கா, இது தோலினால்தான்னு ஆச்சுன்னா..." என்று இழுத்தேன்.

"தெரியும் டாக்டரம்மா. மீதி குஞ்சு கீதே, அதுங்க பொழைக்கணுமில்ல. ஜல்தி பாருங்க."

கேப்பை மணிகள்

மாட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மருந்தகத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் மேடையில் செத்த குஞ்சு ஒன்றை வைத்தேன். அக்கா போகவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

கத்தரியால் நெஞ்சைத் திறந்தேன். ஒன்பது நாள் குஞ்சின் நுரையீரல் ஒரு புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ரோஜா நிறத்தில், பஞ்சுபோல இருக்க வேண்டும். இதில் வெளிர் மஞ்சளாகச் சின்னச் சின்ன மணிகள் இறைந்து கிடந்தன. இரண்டாவது குஞ்சையும் திறந்தேன். அதே மணிகள்.

"கேப்ப மாதிரி கீதே" என்றார் அக்கா.

கேழ்வரகு அளவேதான். பூஞ்சை. நனைந்த தோலில் பூத்த பூசணத்தின் தூள், குஞ்சுகள் கிளறக் கிளறக் காற்றில் எழும்பி, மூச்சோடு உள்ளே போய், நுரையீரலிலேயே வேர் பிடித்திருந்தது. சளி இல்லை, அதனால் சத்தமும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அதைவிடக் கொடுமை, குளிர் படாமல் இருக்க நான் இறக்கச் சொன்ன தார்ப்பாய் அந்தத் தூளை வெளியே போகவிடாமல் கொட்டகைக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தது.

ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பப் புட்டியில் போட்டேன். முடிவு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியில் திண்டிவனத்தில் நிறுத்தி, பூசணத்தைக் கொல்ல மயில்துத்தம் வாங்கினோம்.

"இதுக்கு மருந்து இன்னா டாக்டரம்மா?" என்று வண்டியில் கேட்டார்.

"உள்ளே போனதுக்கு மருந்து இல்லக்கா. இனிமே போகாம பார்த்துக்கலாம்."

அவர் தலையாட்டினார்.

ஒரு பகல் முழுக்க

முதலில் தார்ப்பாயை எல்லாம் அவிழ்த்தோம். பிறகு குஞ்சுகளை வெளியே எடுத்து, சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த குழுக் கட்டடத்தில், காய்ந்த மணல்மேல் செய்தித்தாள் விரித்து விட்டோம். செய்தி பரவிப் பெண்கள் வந்துவிட்டார்கள். பச்சையம்மாளும் வந்தார். என்ன ஏது என்று கேட்டவர்களுக்கு, "வேல முடியட்டும், சாயங்காலம் நானே சொல்றேன்" என்றார் மேரி அக்கா.

தோலை அப்படியே அள்ளினால் தூள் பறக்கும். மயில்துத்தக் கரைசலைத் தெளித்து நனைத்துவிட்டுத்தான் அள்ள வேண்டும். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு அக்காவும் ஏழுமலையும் நானும் உள்ளே போனோம். மற்றவர்களை அக்கா விடவில்லை. நீலத் தண்ணீர் பட்ட இடத்தில் அந்தப் பழைய சாக்கு நாற்றம் கிளம்பியது. அடியில் பச்சைக் கட்டிகளை என் கண்ணாலேயே பார்த்தேன். எட்டு மூட்டையையும் குழி வெட்டிப் புதைத்தோம். சுவர், தரை, தண்ணீர்க் குவளை, தீவனத் தட்டு எல்லாம் கழுவியானது.

அதைவிடக் கஷ்டமான வேலை மிச்சம் இருந்தது. ரொம்ப மூச்சு வாங்குகிற குஞ்சுகள் பிழைக்காது. துடித்துச் சாக விடுவதைவிட நானே முடித்துவிடுவது நல்லது. அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். நான் ஆரம்பித்தேன்; அக்கா என் கையைப் பிடித்தார்.

"நான் பாத்துக் குடுக்கறேன். எனக்குத் தெரியும் எதெது எப்படின்னு."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு குஞ்சாக உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம். சிலதை மணலில் விட்டார். சிலதை என் பக்கம் இருந்த கூடையில் வைத்தார். கூடையில் வைக்கும்போது ஒவ்வொன்றையும் தூக்கிப் போடாமல் இறக்கித்தான் வைத்தார். சந்தேகமானவற்றைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டார். அந்தச் சந்தேகப் பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக நானும் பார்த்தேன். என் கணிப்பும் அவர் கணிப்பும் வேறாக இருந்தது மூன்றில்தான். மூன்றையும் அவர் விருப்பப்படி விட்டோம். அதில் இரண்டு பிழைத்தன.

கூடையில் நாற்பத்தைந்து சேர்ந்தது. அதை நான் கட்டடத்துக்குப் பின்னால் எடுத்துப் போனபோது அவர் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மீதிக் குஞ்சுகளுக்கு வெல்லத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

குழுக் கூட்டம்

சாயங்காலம் அதே கட்டடத்து வாசலில் பெண்கள் உட்கார்ந்தார்கள். மழை நின்றிருந்தது. உள்ளே குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேரி அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"தொத்து நோவு இல்ல. நான் போட்ட மல்லாட்டத் தோலு நனைஞ்சி பூசணம் புடிச்சிருந்துது. அதான் குஞ்சுங்கள கொன்னுது. பச்சையம்மாக்கா வேணான்னு சொன்னாங்க. நான்தான் கேக்கல. என் தப்புதான். மிச்சம் கீற குஞ்சுங்கள வேற யாராவது வச்சி வளத்தாலும் சரி, அடுத்த தபா எறக்கற குஞ்சுங்களயும் என்கிட்ட குடுக்க வேணாம்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கப் போவதில்லை. அவர்களுக்கு நான் டாக்டரம்மா. ஆனால் பக்கத்தில் அந்த அம்மாள் அப்படி நின்றுகொண்டிருக்கும்போது கால் நகரவில்லை.

எழுந்து சொன்னேன். "முதல் நாள் நான் ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பார்க்காம நோய்ப் பேரைச் சொன்னேன். தார்ப்பாயை மூடச் சொன்னதும் நான்தான். அதுக்கப்புறம் மூணு நாள்ல செத்த குஞ்சுங்க என் தப்பால செத்தது. அது மேரி அக்கா கணக்குல வராது."

மேரி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்வதை அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது. உண்மையில் நானும் அதுவரை சொன்னதில்லை.

கடைசியில் பச்சையம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"மிச்சம் எவ்ளோ கீது மேரி?"

"முந்நூத்தி எழுபது சொச்சம்க்கா. இன்னும் கொஞ்சம் போவும்."

"எங்க வூட்ல இப்படி ஒண்ணு வந்திருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமா? டாக்டரம்மா தொத்து நோவுன்னாங்க, நான் சரின்னு வுட்டுட்டு இருந்திருப்பேன். ஒண்ணும் மிஞ்சியிருக்காது." மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இதுங்களும் மேரி வூட்டுக் கொட்டாயிலயே இருக்கட்டும். அடுத்த தபாவும் அங்கதான் எறக்கணும். யாருக்குன்னா பேஜாரா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

யாரும் சொல்லவில்லை.

"ஆனா நான் ஒண்ணு சொல்லுவேன்" என்று விரலை நீட்டினார். "உமி நான் பாக்கறேன். மில்லு எப்ப ஓடுதோ அப்ப என் டிராக்டர் போவும். உமி வந்து, நீ கெளறிப் பாத்து, சரின்னு சொன்னாத்தான் குஞ்சு வரும். அதுவரைக்கும் வராது."

"சரிக்கா" என்றார் மேரி அக்கா.

அடுத்த சில நாட்களில் இன்னும் பதினைந்து இருபது செத்தன. பிறகு நின்றுவிட்டது. ஆய்வகத்துக் காகிதம் வந்தபோது அதில் இருந்தது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். மாதக் கடைசியில் பெண்கள் தலைக்குப் பதினான்கு குஞ்சு வீதம் கூடையில் கொண்டுபோனார்கள். அதையெல்லாம் நான் பிறகுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பார்த்தது வேறு. காலையில் மருந்தகத்துப் படியேறியதிலிருந்து அந்த நேரம்வரை, வண்டியில் வந்ததையும் குஞ்சுகளைப் பிரிக்கத் தரையில் உட்கார்ந்ததையும் தவிர, அந்த அம்மாள் உட்காரவே இல்லை. பச்சையம்மாள் தன் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து, தரையைக் கையால் தட்டினார். மேரி அக்கா போய் அங்கே உட்கார்ந்தார்.